ஆஸ்திரேலியாவில் இளங்கலைப் பொருளியல்: எந்தப் பல்கலைக்கழகம் எதைக் கற்றுத் தருகிறது?

1996 முதல் ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கியின் ஆளுநர் பதவிக்கு வந்த நால்வரும் நான்கு வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் இளங்கலை படித்தவர்கள். இயன் மக்ஃபார்லேன் மொனாஷில் படித்தார். கிளென் ஸ்டீவன்ஸ் சிட்னியில். பிலிப் லோ நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில், அதுவும் வணிகவியல் பட்டத்தின் வழியாக. 2023 செப்டம்பரில் பொறுப்பேற்ற முதல் பெண் ஆளுநரான மிஷெல் புல்லக், ஆர்மிடேல் என்னும் சிறிய நகரில் உள்ள நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்தில். இந்தக் கடைசிப் பெயர் உலகத் தரவரிசைகளின் முன்வரிசையில் காணப்படுவதில்லை. அங்கே படித்தவர்தான் இன்று நாட்டின் வட்டி விகிதத்தைத் தீர்மானிக்கும் குழுவுக்குத் தலைமை தாங்குகிறார். ஸ்டீவன்ஸ், லோ, புல்லக் ஆகிய மூவருக்கும் பொதுவாக இருப்பது பட்டத்தின் பெயரோ ஊரோ அல்ல. மூவரும் ஆனர்ஸ் எனப்படும் நான்காம் ஆண்டை முடித்தவர்கள்.

ஆகவே தரவரிசை எண்களை இந்த அலசலில் நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த எண்கள் பெரும்பாலும் ஆய்வுக் கட்டுரைகளையும் நற்பெயரையும் அளப்பவை; பத்தொன்பது வயது மாணவர் மூன்றாண்டுகளில் என்ன கற்கிறார் என்பதைப் பற்றி அவை மிகக் குறைவாகவே சொல்கின்றன. எந்தப் பாடங்கள் கட்டாயம், கணிதத்துக்கும் பொருளாதார அளவையியலுக்கும் (எக்கனாமெட்ரிக்ஸ் என்று பரவலாக அறியப்படுவது; பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் முறைகளால் ஆராயும் பிரிவு) எவ்வளவு இடம், ஆனர்ஸுக்கான வாசல் எவ்வளவு அகலம் என்ற கேள்விகளே உண்மையான வேறுபாடுகளைக் காட்டுகின்றன.

அடிப்படைக் கட்டமைப்பு எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். மூன்றாண்டுப் பட்டம், ஆண்டுக்கு எட்டாக மொத்தம் இருபத்து நான்கு பாடங்கள். அதன்பின் தகுதியான மதிப்பெண் பெற்றவர்களுக்கு மட்டும் ஆய்வேட்டுடன் கூடிய ஆனர்ஸ் ஆண்டு. பள்ளியில் பொருளியல் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. 1990களின் தொடக்கத்துடன் ஒப்பிட்டால் பன்னிரண்டாம் வகுப்பில் பொருளியலை எடுக்கும் மாணவர்கள் சுமார் 70 விழுக்காடு குறைந்துவிட்டதாக ரிசர்வ் வங்கியே கவலையுடன் எழுதியிருக்கிறது. எனவே முதலாண்டுப் பாடங்கள் அரிச்சுவடியிலிருந்தே தொடங்குகின்றன. கணிதத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. பள்ளிக் கணிதத்தில் நுண்கணிதம் வரை வராத மாணவர் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் இரண்டாம் ஆண்டில் திணறுவார்.

மிகக் கூர்மையான வேறுபாடு கான்பராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்துக்கும் மெல்பர்ன் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் இருக்கிறது. 1946இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான தேசியப் பல்கலைக்கழகம் பொருளியலைத் தனித்துறையாக நடத்துகிறது. அதன் பொருளியல் பட்டத்தில், தனிமனிதர்களும் நிறுவனங்களும் எடுக்கும் முடிவுகளை ஆராயும் நுண்ணியல் பொருளாதாரமும் முழு நாட்டின் பொருளாதாரத்தை ஆராயும் பேரியல் பொருளாதாரமும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆண்டுதோறும் ஏறும் படிகளாக அமைந்திருக்கின்றன; புள்ளியியலும் அளவையியலும் உடன் வருகின்றன. கோட்பாட்டுக்கு அங்கே நீண்ட மரபு உண்டு. பொருளாதார வளர்ச்சி பற்றிய பாடநூல்களில் இன்றும் சோலோ–ஸ்வான் மாதிரி என்று கற்பிக்கப்படுவதில், ராபர்ட் சோலோவுக்குத் தொடர்பின்றித் தனியாக 1956இல் அதை எட்டிய டிரெவர் ஸ்வான் இந்தப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர். மாணவர் கல்விக்கடனை வருமானத்துக்கேற்பத் திருப்பிச் செலுத்தும் ஹெக்ஸ் திட்டத்தை வடிவமைத்த புரூஸ் சாப்மனும் இங்கு பணியாற்றியவர்தான்; 1989இல் நடைமுறைக்கு வந்த அத்திட்டத்தைப் பின்னர் பல நாடுகள் ஆராய்ந்தும் தழுவியும் வந்திருக்கின்றன. கொள்கை வகுப்பதில் ஆர்வமுள்ள மாணவருக்கு, பர்லி கிரிஃபின் ஏரியின் ஒரு கரையில் வகுப்பறையும் மறுகரையில் நாட்டின் கருவூலத் துறையும் இருப்பது பெரிய அனுகூலம். இடைக்காலப் பயிற்சிக்கும் பகுதிநேர ஆய்வு உதவிப் பணிக்கும் அந்த அருகாமை வழிகளைத் திறக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் 250 மில்லியன் டாலர் அளவுக்குச் செலவைக் குறைக்கப்போவதாக இந்தப் பல்கலைக்கழகம் அறிவித்ததிலிருந்து அங்கே நிச்சயமற்ற சூழல் நிலவுகிறது. கட்டாயப் பாடங்கள் எப்படியும் நடக்கும். ஆனால் மூன்றாம் ஆண்டின் விருப்பப் பாடங்கள் எத்தனை உண்மையில் நடத்தப்படுகின்றன என்பதைச் சேர்வதற்கு முன் துறையிடமே எழுதிக் கேட்பது நல்லது.

மெல்பர்ன் வேறு நம்பிக்கையில் இயங்குகிறது. 2008இல் அறிமுகமான 'மெல்பர்ன் மாதிரி' என்னும் சீர்திருத்தத்துக்குப் பிறகு, சட்டமும் மருத்துவமும் முதுநிலைக்குச் சென்றுவிட்டன. இளங்கலையில் பரந்த சில பட்டங்கள் மட்டுமே எஞ்சின. பொருளியலை விரும்புபவர் வணிகவியல் பட்டத்தில் சேர்ந்து பொருளியலை முதன்மைப் பாடமாக எடுக்க வேண்டும். கலைப் பட்டத்தின் வழியாகவும் வரலாம். வணிகவியலுக்கு வெளியே வரலாறு, மொழி, இசை, அறிவியல் என்று சில பாடங்களைப் படித்தாக வேண்டும் என்பது அங்கே விதி. பதினெட்டு வயதில் தான் பொருளியலாளராக வேண்டுமா, நிதித் துறைக்குப் போக வேண்டுமா என்று முடிவு செய்யாத மாணவருக்கு இந்த ஏற்பாடு மிகவும் பொருந்தும். முடிவு செய்துவிட்டவருக்கோ, இருபத்து நான்கு பாடங்களில் ஒரு பகுதி பொருளியலுக்கு வெளியே போய்விடுகிறது. ஆனர்ஸை நோக்கிச் செல்பவர் இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே அளவையியல் பாடங்களின் வரிசையைத் திட்டமிடாவிட்டால் பின்னர் இடம் போதாது. கணிதத்தை ஆழமாகப் படிக்க விரும்புபவர் கணித அறிவியல் டிப்ளமாவைப் பட்டத்துடன் இணைத்துப் படிக்கலாம்; பொதுவாக அது ஓராண்டைக் கூட்டும். என் கணிப்பில், வெளிநாட்டு முனைவர் படிப்பை மனத்தில் வைத்திருப்பவருக்கு அந்த ஓராண்டு வீணல்ல.

சட்டத்தையும் பொருளியலையும் ஒன்றாக இரட்டைப் பட்டமாகப் படிக்க ஆசைப்படும் மாணவருக்கு மெல்பர்ன் இளங்கலையில் வழியே இல்லை. கான்பரா, சிட்னி, நியூ சவுத் வேல்ஸ், மொனாஷ், குவீன்ஸ்லாந்து ஆகியவற்றில் அது வழக்கமான பாதை. ஆராய்ச்சிச் சூழலைப் பொறுத்தவரை மெல்பர்னுக்குத் தனி வலிமை உண்டு. 2001 முதல் ஒரே குடும்பங்களை ஆண்டுதோறும் பின்தொடர்ந்து வருமானம், வேலை, உடல்நலம், உறவுகள் பற்றிக் கேட்டுப் பதிவு செய்யும் ஹில்டா ஆய்வை நடத்துவது அங்குள்ள மெல்பர்ன் இன்ஸ்டிடியூட்தான். தொழிலாளர் பொருளியலில் ஆய்வேடு எழுத விரும்பும் மாணவருக்கு அந்தத் தரவைக் கையாண்டு பழகியவர்களின் பக்கத்தில் இருப்பது மதிப்புமிக்கது.

சிட்னி பல்கலைக்கழகத்தின் கதை இரண்டுக்கும் இடையில் வராமல் தனியாக நிற்கிறது. இங்கே பொருளியல் துறை வணிகப் பள்ளியின் கீழ் இல்லை. கலை மற்றும் சமூக அறிவியல் புலத்தில் இருக்கிறது. முதலாண்டிலேயே புள்ளியியலும் அளவையியல் அறிமுகமும் தொடங்கிவிடுவதால் பட்டம் எண்களின் பக்கம் சாய்ந்திருப்பதாகத் தோன்றும். அதே வளாகத்தில் அரசியல் பொருளியல் என்னும் தனித்துறையும் இருக்கிறது. 1970களில் டெட் வீல்ரைட், ஃபிராங்க் ஸ்டில்வெல் போன்ற ஆசிரியர்களும் மாணவர்களும், முதன்மைப் பொருளியல் பாடத்திட்டம் அதிகாரம், வர்க்கம், வரலாறு ஆகியவற்றைக் கண்டுகொள்வதில்லை என்று நீண்ட போராட்டம் நடத்தி உருவாக்கிய பாடப்பிரிவு அது. இன்றைய பிரதமர் ஆன்டனி அல்பனீசி தம் மாணவப் பருவத்தில் அப்பாடப்பிரிவைக் காக்கும் போராட்டங்களில் பங்கேற்றவர். அங்கேயே பொருளியல் பட்டமும் பெற்றவர். ஒரே பல்கலைக்கழகத்தில் கணித மாதிரிகளையும் அவற்றின் மீதான விமர்சனத்தையும் அருகருகே கற்க முடிவது ஆஸ்திரேலியாவில் அரிது. சமூகச் சமத்துவம், வளர்ச்சி, காலனியம் பற்றிய கேள்விகளால் பொருளியலுக்கு ஈர்க்கப்பட்ட மாணவருக்கு நான் தயக்கமின்றிச் சிட்னியைப் பரிந்துரைப்பேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: அரசியல் பொருளியலை மட்டும் முதன்மையாக எடுத்து அளவையியலைத் தவிர்ப்பவருக்குக் கருவூலத் துறை, ரிசர்வ் வங்கி போன்ற இடங்களின் பொருளியலாளர் பணிகள் எட்டாமல் போகலாம். இரண்டையும் சேர்த்து எடுப்பதே அங்கே சிறந்த தேர்வு.

அளவையியல்தான் ஒருவரின் நாட்டம் என்றால் பேச்சு மொனாஷை நோக்கித் திரும்ப வேண்டும். மெல்பர்னின் தென்கிழக்கே கிளேட்டன் வளாகத்தில், பொருளியல் துறைக்கு நிகராக அளவையியலுக்கும் வணிகப் புள்ளியியலுக்கும் தனித்துறை ஒன்று இயங்குகிறது. முன்கணிப்பு முறைகளில் உலகெங்கும் பயன்படும் மென்பொருளை உருவாக்கிய ராப் ஹைண்ட்மன் அத்துறையைச் சேர்ந்தவர். மின்சாரத் தேவை, சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கை, மருந்துச் செலவு என்று எதை முன்கூட்டிக் கணிப்பதாக இருந்தாலும் அம்முறைகள் எடுபடும். வேலைச் சந்தையில் பொருளியல் பட்டதாரி என்ற பெயரைவிட, தரவைச் சுத்தம் செய்து மாதிரி அமைத்து முடிவை விளக்கத் தெரிந்தவர் என்ற தகுதிக்கு இப்போது விலை அதிகம். அந்த வகையில் மொனாஷைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்றே நினைக்கிறேன். கிளேட்டனுக்கு அடுத்துள்ள கிளென் வேவர்லி போன்ற புறநகர்களில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. வீட்டிலிருந்தே சென்றுவர முடிவது மூன்றாண்டில் மிச்சப்படுத்தும் பணமும் நேரமும் சிறிதல்ல.

நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்திலும் பொருளியல், அளவையியல், நிதிப் பொருளியல் என்று நல்ல பாடப்பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் அதைத் தேர்வதா என்பதை அதன் நாட்காட்டியே பெரும்பாலும் தீர்மானிக்கும். 2019இல் அது ஆண்டை மூன்று பருவங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பத்து வாரக் கற்பித்தல் என்ற முறைக்கு மாறியது. ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று பாடங்கள் மட்டும் என்பதால் கவனம் சிதறாது. எனினும் அளவையியல் போன்ற பாடத்தில் ஒரு வாரம் பின்தங்கினால் ஈடுகட்ட அவகாசம் மிகக் குறைவு. வேகமாகக் கற்பவருக்கு இது உகந்தது. ஒரு கருத்தை ஊறவைத்துப் புரிந்துகொள்ளும் மாணவர் இரண்டு பருவ முறை உள்ள இடத்தையே தேட வேண்டும்.

குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் பொருளியலுக்குத் தனிப் பட்டம் தருகிறது. நிதியையும் பொருளியலையும் இணைத்த நான்காண்டு உயர்நிலைப் பட்டமும் உண்டு. காலநிலைக் கொள்கை பற்றிப் பொதுவெளியில் ஓயாமல் எழுதிவரும் ஜான் குவிக்கின் அங்குள்ளவர்; சுற்றுச்சூழல் பொருளியலில் ஆர்வமுள்ளவர்கள் அதைக் கட்டாயம் பரிசீலிக்கலாம். அடிலெய்டில் இரண்டு பல்கலைக்கழகங்கள் இணைந்து 2026 முதல் புதிய பெயரில் கற்பிப்பதால், பழைய பாடத்திட்டத்தை வைத்து அதை இப்போது மதிப்பிடுவது நியாயமாகாது.

கட்டணத்தில் உள்நாட்டு மாணவருக்குப் பல்கலைக்கழகங்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அரசு நிர்ணயிக்கும் உச்சவரம்பையே ஏறத்தாழ எல்லாப் பல்கலைக்கழகங்களும் வசூலிக்கின்றன. வேறுபாடு பாடத்துக்குப் பாடம் வருகிறது. 2021இல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தால் பொருளியல் பாடங்களுக்கு மாணவர் செலுத்தும் ஓராண்டுப் பங்களிப்பு 11,355 டாலரிலிருந்து 14,500 டாலராக உயர்ந்தது. கணிதத்துக்கோ 9,698இலிருந்து 3,950 ஆகக் குறைந்தது. அதன்பின் விலைவாசிக்கேற்ப இரண்டும் ஏறியிருந்தாலும் இடைவெளி குறையவில்லை. விருப்பப் பாடங்களுக்கான இடங்களைக் கணிதத் துறையின் பாடங்களால் நிரப்புபவர் ஆனர்ஸுக்கான அடித்தளத்தைக் குறைந்த செலவில் பெறுகிறார் என்பதைப் பல பெற்றோர் அறிவதில்லை. குடியுரிமை இன்றி நிரந்தர வதிவிட உரிமை மட்டும் பெற்றவர்களுக்கு, இந்த உச்சவரம்புக் கட்டணத்தில் படிக்கும் மானிய இடம் உண்டு, ஆனால் ஹெக்ஸ் கடன் பொதுவாகக் கிடையாது; மனிதாபிமான விசாவில் நிரந்தரமானவர்களுக்கு விலக்கு இருக்கிறது. புலம்பெயர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பங்கள் சேர்க்கைக்கு முன்பே இதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ செல்லும் மாணவரின் கணக்கு முற்றிலும் வேறு. பெரிய பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு 50,000 டாலர் அளவிலோ அதற்கு மேலோ கட்டணம். விசா விண்ணப்பக் கட்டணம் மட்டுமே 2024 ஜூலையில் 710இலிருந்து 1,600 டாலராகவும், ஓராண்டில் 2,000 டாலராகவும் உயர்ந்தது. பருவம் நடக்கும்போது இரு வாரங்களுக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. பட்டத்துக்குப் பிந்தைய வேலை விசாவைப் பொறுத்தவரை சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் மூன்றும் ஒரு பக்கம். கான்பரா, அடிலெய்டு, பெர்த் போன்றவை பிராந்திய நகரங்களாகக் கருதப்படுவதால் அங்கே படித்துப் பின்னரும் அங்கேயே வாழ்பவருக்கு மேலும் ஓராண்டு நீட்டிப்புக்கு வாய்ப்பு உண்டு. இங்கே தேசியப் பல்கலைக்கழகத்தின் கணக்கு இரு திசையில் இழுக்கிறது. அந்தக் கூடுதல் ஆண்டை அது தரலாம். ஆனால் ஏரியின் மறுகரையில் உள்ள கருவூலத் துறை உள்ளிட்ட அரசுப் பணிகள் பொதுவாக ஆஸ்திரேலியக் குடியுரிமை கேட்பவை என்பதால், உள்நாட்டு மாணவருக்குக் கான்பரா தரும் முதன்மையான அனுகூலம் வெளிநாட்டு மாணவருக்குக் கிடைப்பதில்லை. தனியார் வங்கிகளிலும் ஆலோசனை நிறுவனங்களிலும் வேலை தேடப்போகும் அவருக்கு அந்நிறுவனங்கள் நிறைந்த சிட்னியோ மெல்பர்னோ பொருத்தம். முனைவர் படிப்பே இலக்கு என்றால் கான்பராவின் மூன்றுபடிக் கோட்பாட்டுப் பாடங்களும் ஆனர்ஸும் கொடுக்கும் பணத்துக்கு ஈடானவை.