ஊட்டுவதா, தனியாகச் சமைப்பதா, விட்டுவிடுவதா?

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் கடை வேலை முடிந்து நான் வீடு வரும்போது இருட்டிவிடும். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது இரவில் மட்டும்தான். நாலு வயது மகளுக்கு ரொட்டியும் பருப்புச் சோறும் போதும். வேறு எது தட்டில் விழுந்தாலும் வாயை இறுக்கிக்கொள்வாள். இந்த ஒரு வருடத்தில் மூன்று வழிகளைப் பார்த்துவிட்டோம்.

முதலாவது, என் அம்மாவின் வழி. போனில் படம் ஓட, வாய்க்குள் கவளம் போகும். கால் மணி நேரத்தில் தட்டு காலி. ஆனால் என்ன தின்றாள், வயிறு நிறைந்ததா என்று பிள்ளைக்கே தெரியாது. மழைக்காலத்தில் ஒரு நாள் கரண்ட் போய், போனிலும் சார்ஜ் இல்லை. அன்று ஒரு கவளம்கூட இறங்கவில்லை.

இரண்டாவது, அவளுக்கென்று தனியாக ஒரு முட்டையோ நூடுல்ஸோ செய்வது. அழுகை இல்லை, அது பெரிய நிம்மதிதான். ஆனால் போஞ்சி, கோவா மாதிரி காய்கறிகளைத் தன் தட்டில் பார்க்காத பிள்ளை அவற்றைத் தின்ன எப்போது பழகும்? இரண்டு மாதத்தில் முட்டையும் பிடிக்காமல் போனது.

மூன்றாவது வழிதான் எங்களுக்குச் சரிவந்தது. அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் எலின் சாட்டர் 1980களில் சொன்னது அது. என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. எல்லாருக்கும் ஒரே சமையல், அதில் அவள் தின்னும் ஒன்றாவது இருக்கும். "ஒரு வாய்" என்று கெஞ்சக் கூடாது. இரண்டிலிருந்து ஆறு வயது வரை புதுச் சாப்பாட்டுக்குப் பயப்படுவது இயல்பு. ஒரு ருசி பழக எட்டு, பத்து, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து தடவைகூட ஆகலாம்.

பீட்ரூட்டில் அதைக் கண்ணால் பார்த்தேன். முதலில் ஓரமாகத் தள்ளினாள். அப்புறம் விரலால் தொட்டு, சிவந்த நுனியை அப்பாவிடம் காட்டினாள். மூன்றாவது வாரம் அந்த விரலை நக்கினாள். ஒரு மாதம் கழித்து ஒரு துண்டு உள்ளே போனது. நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

கஷ்டம் அம்மாவுக்குத்தான். "புள்ளைய பட்டினி போடுறியாடி?" என்று கண் கலங்குவார். 1973, 74 பஞ்சத்தில் தேயிலைத் தோட்டத்தில் மரவள்ளியும் கீரையும் தின்று வளர்ந்தவர். சோறு மிஞ்சுவதை அவரால் பார்க்க முடியாது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பகலில் அவரே ஊட்டட்டும், போன் மட்டும் வேண்டாம் என்று பேசி முடித்தோம்.

பசி இல்லாத பிள்ளையிடம் இந்த வழி பலிக்காது. சாயந்தரம் ஐந்து மணிக்கு மேல் பிஸ்கட்டும் தேத்தண்ணியும் கொடுத்துவிட்டு, ஏழரைக்குச் சோறு இறங்கவில்லை என்று சொல்லக் கூடாது. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

எடை குறைந்தாலோ, விழுங்கும்போது ஓங்கரித்தாலோ இந்த மூன்றையும் விட்டுவிட்டு, வளர்ச்சி அட்டையோடு முதலில் கிளினிக்குக்குப் போங்கள்.

நேற்று லீக்ஸ் வைத்தேன். தள்ளிவிட்டாள். புதன்கிழமை திரும்பவும் வைப்பேன்.