தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் ஊசி: பணம் கட்டும் முன் படியுங்கள்

தென்னை மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் நசுங்கிய என் தம்பிக்கு, அறுவை சிகிச்சைக்குப் பின்னும் இடுப்புக்குக் கீழே அசைவோ உணர்வோ திரும்பாத நிலையில், ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசி போட்டால் எழுந்து நடப்பான் என்று சொல்லித் தனியார் மையம் ஒன்று நான்கு லட்சம் ரூபாய் பெற்றுக்கொண்டது. புகார் விசாரணையில் இருப்பதால் மையத்தின் பெயரைத் தவிர்த்து, அங்கே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதல் ஊசி போட்ட சில வாரங்களில் தம்பியின் கால்கள் தாமாகவே வெட்டி இழுக்கத் தொடங்கின. அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டி, "நரம்புக்கு உயிர் வந்துவிட்டது" என்று சொல்லி, அடுத்த ஊசிக்குப் பணம் கேட்டார்கள். தண்டுவடம் அடிபட்டதும் காயத்துக்குக் கீழே அனிச்சைச் செயல்கள் அடங்கிவிடும் என்பதையும், சில வாரங்கள் கழித்து மூளையின் கட்டுப்பாடில்லாமல் அவை திரும்பும்போது தசைகள் இப்படி இறுகித் துடிக்கும் என்பதையும், ஊசியே போடாதவர்களுக்கும் இது நேரும் என்பதையும் பின்னர் அரசு மறுவாழ்வு மருத்துவர் ஒருவர் விளக்கினார். உண்மையான முன்னேற்றம் என்றால், கால் கட்டைவிரலை அசைக்கச் சொன்னால் அது அசைய வேண்டும். தானாகத் துடிப்பது கணக்கில் சேராது. காயத்தை ஏ முதல் இ வரை (A–E) தரம் பிரிக்கும், அமெரிக்கத் தண்டுவடக் காயச் சங்கத்தின் ‘ஆசியா’ (ASIA) பரிசோதனையில் ஆசனவாய்ப் பகுதியின் உணர்வையும் பார்ப்பார்கள். அந்த மையம் இதை ஊசிக்கு முன்பும் செய்யவில்லை, பின்பும் செய்யவில்லை. அளந்தே பார்க்காதவர்கள் எந்த முன்னேற்றத்தைக் கண்டார்களோ!

பணம் போனதைவிடக் கொடுமை, ஊசி வேலை செய்யும்வரை உடம்பை அசைக்கக் கூடாது என்று பிசியோதெரபியை நிறுத்தியதுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டியவனை மல்லாக்கவே கிடத்தியதால், வால் எலும்பருகே ஆழமான படுக்கைப்புண் உண்டாயிற்று, கணுக்கால்களும் இறுகிப்போயின. சக்கர நாற்காலிக்கு மாறப் பழகியிருக்க வேண்டிய காலம் புண் ஆற்றுவதில் கழிந்தது.

தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்கு வெளியே சிகிச்சையாகத் தரக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெளியிட்ட 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. "இது ஆய்வு" என்று யாராவது சொன்னால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் உள்ள எண்ணைக் கேளுங்கள். ஆய்வில் சேர்பவரிடம் அந்த ஊசிக்குக் கட்டணம் வாங்குவதும் முறையன்று.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் சிகிச்சைப் பதிவேடுகளின் நகலை முதலில் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது. ரசீதில் "ஆலோசனைக் கட்டணம்" என்று மட்டும் எழுதித் தந்தால், ஊசி என்று குறிப்பிட்டு மாற்றித் தரும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.