பழைய டிஜே செட் வாங்கப் போகிறீர்களா? ஒரே பாட்டைப் போட்டுக் காட்டுபவரிடம் உஷார்!

வரவேற்பு, பிறந்தநாள் என்று வார இறுதியில் சின்னச் சின்ன ஆர்டர் எடுக்கலாம் என நானும் நண்பனும் சேர்ந்து 58,000 ரூபாய்க்கு ஒரு செகண்ட் ஹேண்ட் செட் வாங்கினோம். லேப்டாப்போடு சேர்த்துப் பாட்டுகளைக் கலக்கும் பயோனியர் டிடிஜே-400 கன்ட்ரோலர், 15 இன்ச் டாப் (ஸ்பீக்கர் பெட்டி) இரண்டு, ஒரு ஹெட்போன், கேபிள்கள். விற்றவர் கோவைப் பக்கம், பெயர் போடவில்லை.

"ஆறு மாசம்கூட ஓட்டல தம்பி, வெளிநாடு போறதாலதான் குடுக்குறேன்" என்றார். லேப்டாப்பில் செருகி, ஒரு குத்துப்பாட்டைப் போட்டு வால்யூமை ஏற்றினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவருடைய சாமர்த்தியமே அதில்தான் இருந்தது. ஒரு பாட்டு ஓடும்போதே அடுத்ததை ஹெட்போனில் மட்டும் கேட்டு, வேகத்தைப் பொருத்தி, கூட்டத்துக்குத் தெரியாமல் உள்ளே இறக்கத்தான் கன்ட்ரோலர். அந்த வேலையை மட்டும் அவர் செய்து காட்டவே இல்லை.

முதல் ஆர்டரிலேயே சாயம் வெளுத்தது. கன்ட்ரோலரில் இடது, வலது என இரண்டு டெக்; ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு ஓடும். எந்தப் பக்கப் பாட்டு வெளியே கேட்க வேண்டும் என்பதை மாற்றும் கட்டைதான் கிராஸ்ஃபேடர். அதை முழுக்க இடது ஓரத்துக்குத் தள்ளினாலும் வலது டெக்கில் ஓடும் பாட்டு மெலிதாகக் கசிந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறும்போது மெலடிக்கு அடியில் இன்னொரு பாட்டின் தாளம் கேட்டால் எப்படி இருக்கும்? ஹெட்போனில் ஒரு காதுதான் வேலை செய்தது. ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் கன்ட்ரோலரில் எல்லா விளக்கும் அணைந்து சத்தம் மொத்தமாக நின்றது. டிடிஜே-400-க்குத் தனி அடாப்டர் கிடையாது. கரண்ட்டும் பாட்டும் லேப்டாப்பிலிருந்து வரும் ஒரே யுஎஸ்பி கேபிளில்தான். அந்தச் சதுர போர்ட் உள்ளே சால்டர் விட்டு ஆடிக்கொண்டிருந்தது. மீதி நேரம் முழுக்க நண்பன் கேபிளை விரலால் அழுத்திப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

டாப் கதை இதைவிட மோசம். பின்னால் '1000 வாட்ஸ்' என்று ஸ்டிக்கர். அது பிஎம்பிஓ கணக்கு, கண் இமைக்கும் நேரத்துக்கு எட்டக்கூடிய உச்சம் என்று சொல்லிக் காட்டும் விளம்பர எண். தொடர்ந்து எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஆர்எம்எஸ் வாட்ஸைத்தான் பார்க்க வேண்டும். அது எங்கேயும் எழுதியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் ஓடியதும் ஒரு டாப்பிலிருந்து காயில் (ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) கருகும் வாடை வந்தது. சவுண்ட் சர்வீஸ் அண்ணன் ஒருவர் கிரில்லைக் கழற்றிக் காட்டினார்: கோனைச் சுற்றிப் பசை வழிந்திருந்தது, நடு மூடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. "இது ஏற்கனவே காயில் கட்டுன ஸ்பீக்கர் தம்பி. முன்னாடி இருக்குற ஜேபிஎல் பேட்ஜும் பசை போட்டு ஒட்டுனதுதான்."

இன்னொன்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். 'சாஃப்ட்வேர் லைசன்ஸ்' என்று விற்றவர் தனியாக 4,000 ரூபாய் வாங்கினார். இந்தக் கன்ட்ரோலரைச் செருகினாலே அதற்கான ரெகார்ட்பாக்ஸ் சாஃப்ட்வேரில் டிஜே செய்யும் பகுதி இலவசமாகத் திறக்கும். இலவசத்துக்கும் விலை போட்ட மனுஷன்!

கேட்டதற்கு, "உங்க கண்ணு முன்னாடிதானே பாட்டுப் போட்டுக் காட்டினேன்?" என்றார். அப்புறம் போன் எடுப்பதே இல்லை.

வாங்கப் போகிறவர்கள் உங்கள் லேப்டாப்பையே கொண்டுபோங்கள். இரண்டு டெக்கிலும் வேறு வேறு பாட்டை ஓடவிட்டு, கிராஸ்ஃபேடரை இரண்டு ஓரத்துக்கும் தள்ளிக் காது கொடுங்கள். ஒவ்வொரு வால்யூம் ஃபேடரையும் மெதுவாக ஏற்றி இறக்கினால் கரகரப்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஜாக் வீலின் (கையால் சுற்றும் வட்டத் தட்டு) மேல்பக்கத்தைத் தொட்டதும் பாட்டு நிற்க வேண்டும். சுற்றிலும் நாலைந்து இடத்தில் தொட்டுப் பாருங்கள். பாட்டு ஓடும்போதே யுஎஸ்பி கேபிளை லேசாக ஆட்டுங்கள், விற்பவர் முறைத்தாலும் பரவாயில்லை. டாப்பைப் பாதி வால்யூமில் அரை மணி நேரமாவது ஓடவிட்டுப் பின்பக்கம் முகர்ந்து பாருங்கள். முடிந்தால் சவுண்ட் சர்வீஸ்காரர் ஒருவரைக் கூடக் கூட்டிப்போங்கள், டீயும் பெட்ரோலும்தான் செலவு. பில் இல்லாவிட்டால் வெள்ளைத் தாளிலாவது சீரியல் நம்பரோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எங்களிடம் இருப்பது பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான்; அதிலும் அவர் பெயர் இல்லை, வேறு யாரோ ஒருவருடைய கணக்கு.