அலாரமா, பல் பிரஷா, அம்மாவா? மாத்திரை மறக்காமலிருக்க எது உதவும்

பதின்வயதுப் பெண்கள் பலருக்கு டாக்டர் கருத்தடை மாத்திரை எழுதித் தருவது சுருட்டிப் போடும் மாதவிடாய் வலிக்காகவோ பி.சி.ஓ.எஸ். என்னும் ஹார்மோன் கோளாறுக்காகவோதான். எதற்காக இருந்தாலும் தினமும் போட வேண்டும். ஒருநாளும் பிசகாமல் போட்டால் ஓர் ஆண்டில் 1000 பேரில் 3 பேருக்குக் கர்ப்பம் தரிக்கலாம். நிஜ வாழ்க்கையில் அது 100க்கு 7. வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் மறதிதான் காரணம்.

முதலில் எல்லோரும் கை வைப்பது போன் அலாரத்தில். என் மகளும் அப்படித்தான் ஆரம்பித்தாள், காலை ஏழரைக்கு. அது அடிக்கும்போது ஒரு கையில் சீப்பு, வாயில் ஹேர்பின். விரல் தானாகப் போய் அணைத்துவிடும். நான்காம் நாள் அட்டையைப் பார்த்தால் புதனும் வியாழனும் பிரிக்காமல் அப்படியே இருந்தன. அலாரம் அடித்தது என்று சத்தியம் செய்தாள். அடித்ததும் உண்மைதான்! 2010ல் வெளியான ஓர் ஆய்வில் தினமும் குறுஞ்செய்தி வந்தவர்களும் வராதவர்களும் மாதம் கிட்டத்தட்ட ஐந்து மாத்திரை தவறவிட்டதாக, மாத்திரை எடுப்பதைப் பதிவுசெய்யும் எலக்ட்ரானிக் பெட்டி காட்டிக்கொடுத்தது. நினைவு வரும் நொடியில் மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால் நினைவூட்டி என்ன பயன்?

அதனால் என் ஓட்டு பல் பிரஷுக்கு. அட்டையை பிரஷ் குவளையோடு ரப்பர் பேண்டால் கட்டிவைத்தோம், இரவுக்கு மாற்றினோம். விடுமுறையில் பத்து மணிவரை தூங்கினாலும் இரவு கெடுவதில்லை. தோழி வீட்டில் தங்கும் நாள்தான் ஓட்டை. அன்றைக்கு மட்டும் அலாரம் வேண்டும், "வைட்டமின்" என்று பெயர் வைத்து.

அம்மா தினமும் கேட்பது? இரண்டு வாரம் ஓடும். பிறகு "போட்டுட்டேன்மா" என்று கண்ணைப் பார்க்காமல் பதில் வரும். வாரம் ஒருமுறை இருவரும் சேர்ந்து அட்டையைப் பார்ப்பது போதும்.

அட்டையிலும் தேர்வு உண்டு. 21 மாத்திரை அட்டையில் ஏழு நாள் இடைவெளி விட்டு மறுபடி தொடங்க வேண்டும். அந்த எட்டாம் நாளைத் தவறவிடுவதுதான் ஆபத்து, இடைவெளி நீண்டால் கருமுட்டை வெளியேறலாம். 28 அட்டையில் கடைசி மாத்திரைகள் வெற்று மாத்திரைகள், பழக்கம் அறுபடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, 28தான்.

மாத்திரை வகையையும் டாக்டரிடம் கேளுங்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இல்லாத பழைய வகையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலே தவறவிட்ட கணக்குதான். அதே வகையில் புதிதான டெசோஜெஸ்ட்ரல் மாத்திரை என்றால் 12 மணி நேரம். இரண்டு ஹார்மோன் சேர்ந்த வகை இன்னும் தாராளம்: ஒன்று விட்டால் நினைவு வந்ததும் போட்டு, அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடலாம், ஒரே நாளில் இரண்டானாலும் சரி. தொடர்ந்து இரண்டோ அதற்கு மேலோ விட்டால் கடைசியாக விட்டதை மட்டும் உடனே போட்டுத் தொடர வேண்டும், தொடர்ந்து ஏழு மாத்திரை போடும்வரை ஆணுறை தேவை. பால்வினை நோய்க்கு எப்படியும் ஆணுறைதான்.

இவ்வளவுக்குப் பிறகும் மாதாமாதம் விட்டுப்போனால் அவளைத் திட்டாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, கையில் தோலுக்கடியில் பொருத்தினால் சில ஆண்டுகள் வேலை செய்யும் சிறு குச்சியான இம்ப்ளான்ட் என்று தினசரி வேலையே இல்லாத வழிகள் இருக்கின்றன. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அதையும் கேட்டுவிடுங்கள், முடிந்தால் அவளே கேட்கட்டும்.