பிரசவ அறைக்கு டியூப்லைட்டா, மங்கலான மஞ்சள் விளக்கா?

இரண்டாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி பார்க்கப் போனபோது டாக்டர், செலவு, தூரம் எல்லாம் விசாரித்துவிட்டு, அறையின் விளக்குகளைப் பற்றியும் கேட்டேன். முதல் குழந்தை பிறந்தது வரிசையாகக் கட்டில் போட்ட லேபர் வார்டில், இரவெல்லாம் அணையாத டியூப்லைட்டுக்கு நேர் கீழே. இரண்டாவது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள தனி அறையில். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வலி தொடங்கியதிலிருந்து முக்கும் நேரம் வரை மங்கலான மஞ்சள் வெளிச்சம்தான் நல்லது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது.

டியூப்லைட்டின் நியாயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊசி போட, ட்ரிப் ஏற்ற, கேஸ் ஷீட் எழுத வெளிச்சம் வேண்டும். ஒரே சிஸ்டர் ஐந்தாறு பேரைப் பார்க்கும் வார்டில் ஒருத்திக்காக மட்டும் விளக்கை அணைக்க முடியாது. அன்று நான் கேட்டதற்கு, "டாக்டர் ரவுண்ட்ஸ் வர்ற நேரம்மா, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றார் சிஸ்டர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மல்லாந்து படுத்திருப்பவளுக்குக் கண்ணைத் திறந்தால் அந்த வெள்ளைக் குழல் மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு வலிக்கும் இடையில் கிடைக்கிற சில நிமிட ஓய்வில், துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டுதான் கண்ணசர முடிந்தது.

மங்கலான வெளிச்சத்துக்கு உடலுக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது. இருட்டினால் மூளையில் மெலடோனின் சுரக்கும். தூக்கத்துக்கானது என்று நமக்குத் தெரிந்த அதே ஹார்மோன்தான், ஆனால் கர்ப்பப்பைத் தசையிலும் அதை உள்வாங்கும் ஏற்பிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகக் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வகச் சோதனையில், மெலடோனினும், பிரசவ வலியைத் தூண்டும் ஹார்மோனான ஆக்ஸிடோசினும் சேர்ந்தபோது கர்ப்பப்பைத் தசை செல்கள் இன்னும் பலமாகச் சுருங்கின. இரவில் கண்ணில் படும் வெளிச்சம், அதிலும் அதன் நீலப் பகுதி, மெலடோனினைக் குறைத்துவிடும். கடையில் 'கூல் டேலைட்' என்று விற்கும் 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் அந்த நீலம் அதிகம். 2700 கெல்வின் மஞ்சள் விளக்கில் குறைவு. இங்கிலாந்தில் 2005 முதல் 2014 வரையிலான பதிவுகளை அலசியபோது, தானாக வலி வந்து நடந்த பிரசவங்கள் விடியற்காலை 4 மணியை ஒட்டித்தான் அதிகமாக இருந்தன. இராத்திரியானால் வலி கூடும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வெறும் பேச்சு இல்லை.

இன்னொன்று கூச்சம். பளிச்சென்ற வெளிச்சத்தில் யாரோ பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்ற நினைப்பு போகாது. பயமும் பதற்றமும் கூடினால் அட்ரினலின் ஏறும், அது ஆக்ஸிடோசினுக்குத் தடை. பிரான்ஸில் பித்திவியே ஊர் அரசு மருத்துவமனையில் 1962 முதல் 1985 வரை இருந்த டாக்டர் மிஷேல் ஓடான் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் இரண்டாவது முறை அப்படித்தான் இருந்தது. சுவரோர விளக்கைக் குறைத்துவைத்து, பாத்ரூம் கதவை ஒருக்களித்துவிட்டோம். உள்ளே எரிந்த ஜீரோ வாட் பல்பின் வெளிச்சமே அறையில் நடமாடப் போதுமானதாக இருந்தது. அக்கா இடுப்பைத் தேய்த்துவிட, வெட்கப்படாமல் முனகிக்கொண்டே நடந்தேன்.

அதற்காக, பிரசவம் சீக்கிரம் முடிந்தது விளக்கால்தான் என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது பிரசவம் பொதுவாகவே சீக்கிரம் முடியும். டென்மார்க்கில் ஹெர்னிங், சுவீடனில் கோத்தன்பர்க் ஆகிய ஊர்களில், வெளிச்சத்தையும் சூழலையும் மாற்றிக்கொள்ளும்படி அமைத்த அறைகளைச் சாதாரண அறைகளோடு ஒப்பிட்டு, முதல் பிரசவப் பெண்களிடம் சோதனை நடத்தினார்கள். ஹெர்னிங்கில் ஆக்ஸிடோசின் ட்ரிப்பின் தேவை குறையவில்லை. கோத்தன்பர்க்கிலும் பிரசவ முடிவுகளில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆகவே நான் மங்கல் வெளிச்சத்தைக் கேட்பது நிம்மதிக்காக. அந்த நிம்மதியே எனக்குப் பெரிய விஷயம்.

சரி, நிபந்தனைக்கு வருவோம். அறையில் தனி ஸ்விட்ச்சோடு ஒரு ஃபோகஸ் லைட் இருக்க வேண்டும். குழந்தை வெளியே வந்த பிறகு பார்க்க வேண்டியதெல்லாம் நிறத்தையும் அளவையும் பொறுத்தது. 500 மில்லிக்கு மேல் இரத்தம் போனால் அதிக இரத்தப்போக்கு என்று கணக்கு. கருநீலத் துணியில் ஊறும் இரத்தத்தை மங்கல் வெளிச்சத்தில் யாராலும் மதிப்பிட முடியாது. பிரசவத்தில் ஏற்பட்ட கிழிசல் ஆசனவாய்த் தசை வரை போயிருக்கிறதா என்று நன்றாகப் பார்த்துத்தான் தையல் போட வேண்டும். அது தவறினால் பின்னாளில் மலம் அடக்க முடியாத அவதி வரலாம். நஞ்சுக்கொடி முழுசாக வந்துவிட்டதா, குழந்தையின் உதடு நீலமாக இருக்கிறதா, இதற்கெல்லாம் நல்ல வெள்ளை வெளிச்சம் வேண்டும்.

அதனால் அறையைச் சுற்றிப் பார்க்கப் போகும்போதே அந்த ஃபோகஸ் லைட்டைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கழுத்து சொன்ன இடத்தில் நிற்கிறதா, இல்லை தானாகச் சரிகிறதா? சக்கரம் உருள்கிறதா? கரண்ட் போனால் ஜெனரேட்டர் பிடிக்கும்வரை யுபிஎஸ்ஸில் எரியுமா? பிறந்த குழந்தைக்குச் சூடு கொடுக்கும் வார்மருக்கு மேல் குழந்தையைப் பார்க்கத் தனி விளக்கு உண்டா? நான் சேர்ந்த அறையில் சிஸ்டர் வந்ததும் முதல் வேலையாக அந்த லைட்டைப் போட்டு அணைத்துப் பார்த்தார். தையல் போடும்போது வெளிச்சம் கால்பக்கம் மட்டும் விழுந்தது. என் முகத்திலும் நெஞ்சில் கிடந்த குழந்தையின் கண்ணிலும் படவில்லை. ஃபோகஸ் லைட் இல்லாத அறையில் வெளிச்சத்தைக் குறைத்து வைப்பதைவிட டியூப்லைட் வார்டே மேல்.

நிறம் மாறும் எல்இடி விளக்குகளும் இப்போது சில இடங்களில் வந்திருக்கின்றன. அவற்றின் கீழே நான் இருந்ததில்லை. நீலமும் பச்சையும் தோலின் நிறத்தை மறைத்துவிடும் என்பதால் எனக்குத் தயக்கம்தான். மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம், பக்கத்தில் ஆக்ஸிஜன் இருக்கும். சிசேரியன் என்று முடிவாகிவிட்டால் தியேட்டர் விளக்கில் பேச்சுக்கே இடமில்லை.

தனி அறைக்கு எல்லோராலும் செலவு செய்ய முடியாது. பொது வார்டுதான் என்றால், பெட்டி கட்டும்போது கண்ணை மறைக்கும் பட்டை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், மெல்லிய பருத்தித் துண்டும் போதும். கட்டிலுக்கு நேர் மேலே உள்ள குழலை மட்டுமாவது அணைக்கலாமா என்று, வலி கடுமையாகும் முன்பே கூட வந்தவரை விட்டு சிஸ்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.