1,850 ராண்ட் போச்சு: துப்பாக்கிக்கு ஃபைபர் சைட் போடக் கொடுக்கிறவர்கள் கவனம்

இப்போதுதான் அந்தக் கடையிலிருந்து வெளியே வந்து காரில் உட்கார்ந்து எழுதுகிறேன், ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. கடைப் பேர் வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து மால் ஒன்றில் இருக்கும் துப்பாக்கிக் கடை, அவ்வளவுதான் சொல்வேன்.

என் க்ளாக் 19 கைத்துப்பாக்கியில் குறி பார்க்க முனையில் இருந்த பழைய முன் சைட் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை, வயது அப்படி. வெளிச்சத்தை வாங்கி மின்னும் பிளாஸ்டிக் இழை வைத்த பச்சை ஃபைபர் சைட் போட்டால் பளிச்சென்று தெரியும் என்று கிளப்பில் எல்லோரும் சொன்னார்கள். கவுண்டரில் இருந்த பையன் என்னைப் பார்த்ததும் "வாங்க அண்ணே, உட்காருங்க" என்றான். இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்தவன் நான், எனக்கே ஒரு கடைக்குள் தமிழ் காதில் விழுவது அபூர்வம், அதுவும் அம்மா போன பிறகு. அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். "தினமும் நாலு போடுறோம், பத்து நிமிஷம்" என்றான். டீயும் வந்தது. உள்ளே என்ன செய்கிறார்கள் என்று எட்டிக்கூடப் பார்க்காமல் 1,850 ராண்டுக்குக் கார்டைத் தேய்த்தேன்.

முதல் நாள் வெயிலில் நன்றாகத்தான் மின்னியது, பொய் சொல்லக்கூடாது. இரண்டு வாரத்தில் ஃபைபர் வெளுத்தது. போன சனிக்கிழமை போட்டியில் நாற்பது ரவுண்டு போல சுட்டிருப்பேன், குறி பார்த்தால் முன்னால் சைட்டே இல்லை! மணலில் தேடி எடுத்தோம். கிளப் நண்பர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஃபைபரை சைட்டின் துளையை விடக் கொஞ்சம் நீளமாக வெட்டி, லைட்டர் நெருப்பை நுனிக்குப் பக்கத்தில் மட்டும் காட்டினால் அது காளான் மாதிரி விரிந்து பிடித்துக்கொள்ளும், இரண்டு பக்கமும் அப்படிச் செய்ய வேண்டும். இவர்கள் சூப்பர் க்ளூவை விட்டு ஒட்டியிருக்கிறார்கள், வெளுத்தது அதனால்தான் என்றார். துப்பாக்கியின் மேலே நகரும் ஸ்லைடுக்கு அடியில் சைட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூவில், அது தளராமல் இருக்கப் போடும் லாக்டைட் பசை ஒரு சொட்டுகூட இல்லை.

கடைக்குப் போன் செய்தால், "சால்வென்ட் ஊத்தியிருப்பீங்க." துப்பாக்கியைச் சுத்தம் செய்யும் திரவத்தைச் சொல்கிறார்கள். நான் துணியால் துடைப்பதோடு சரி. அடுத்த முறை, முதலாளி பீட்டர்மாரிட்ஸ்பர்க் போயிருக்கிறார். அப்புறம் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். இன்றைக்கு நேரில் போனேன். அதே பையன், "சார், சுட்டா வாரண்டி கிடையாது." சுடாமல் பூஜை அறையிலா வைப்பேன்? ரிப்பேரில் போட்ட புதுப் பாகத்துக்கு மூன்று மாத வாரண்டி உண்டு என்று 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது, அதைச் சொன்னதும் வேறு வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டான். அன்றைக்கு அண்ணே, இன்றைக்கு சார். 1,850 ராண்ட்!

எப்படிப் பராமரிப்பது என்று விவரமாக எழுதத்தான் ஆரம்பித்தேன், இப்போது பொறுமை இல்லை. கண்ணெதிரே போடச் சொல்லுங்கள். ஃபைபருக்கு க்ளூ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்க்ரூவில் லாக்டைட் போட்டார்களா என்று கேளுங்கள். ரேஞ்சுக்குப் போகுமுன் துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு சைட்டை விரலால் அசைத்துப் பாருங்கள். ஃபைபர் மேல் சால்வென்ட் படவிடாதீர்கள், மாற்று ஃபைபர் ஒன்று பையில் இருக்கட்டும்.

பில்லை ஒழுங்காக வாங்குங்கள். என்னிடம் இருக்கும் துண்டுச் சீட்டில் "சைட் 1,850" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது, தேதிகூட இல்லை.