நோனாகா, தாகேயுச்சி புத்தகம்: ரொட்டி அத்தியாயத்துக்காகவே வாங்கலாம்

நாலெட்ஜ் மேனேஜ்மென்ட், அதாவது ஒரு நிறுவனத்தில் இருக்கும் அறிவை வளர்த்துப் பகிரும் துறை, அந்தப் பக்கம் போகிறவர்கள் யாரும் தப்ப முடியாத புத்தகம் 'தி நாலெட்ஜ் கிரியேட்டிங் கம்பெனி'. இகுஜிரோ நோனாகாவும் ஹிரோடாகா தாகேயுச்சியும் எழுதி 1995இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது. பழகிக் கற்பது, சொல்லில் கொண்டுவருவது, ஒன்றுசேர்ப்பது, செய்து உள்வாங்குவது என்று அறிவு உருவாகும் நான்கு முறைகளைக் காட்டும் நான்கு கட்டப் படத்தை, அதாவது செகி (SECI) மாடலை, பலர் வகுப்பு ஸ்லைடில் பார்த்ததோடு சரி. படம் அப்புறம் இருக்கட்டும், நேராக நான்காவது அத்தியாயத்துக்குப் போய்விடுங்கள்.

அங்கேதான் மட்சுஷிதாவின் (இன்றைய பானசோனிக்) ரொட்டி மெஷின் கதை வருகிறது. மாவைப் போட்டால் தானே பிசைந்து சுட்டுத் தரும் மெஷின் ஒன்றைச் செய்யப் பார்க்கிறார்கள், மேலே கருகுகிறது, உள்ளே வேகவே இல்லை, மெஷின் பிசைந்த மாவையும் கைதேர்ந்தவர் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் மென்பொருள் பிரிவுப் பெண் ஒருவர் ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய்த் தொழில் பழகுகிறார். ரொட்டிக்காரர் மாவை இழுக்கும்போது கூடவே முறுக்கவும் செய்கிறார் என்பது பக்கத்தில் நின்று பழகியபோதுதான் கண்ணில் படுகிறது. அதை எஞ்சினியர்களுக்குப் புரியவைத்து, மெஷினுக்குள் வரிவரியாக மேடுகள் வைத்து, 1987இல் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். டேசிட் நாலெட்ஜ் என்று தத்துவ அறிஞர் மைக்கேல் போலான்யி சொன்னதை, அதாவது கைக்குத் தெரிந்தும் வார்த்தையில் சொல்ல வராத அறிவை, இவ்வளவு தெளிவாகக் காட்டும் உதாரணத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

எனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் ஓய்வு பெறப்போகும் டெக்னீஷியன்களிடம் ஒரு படிவத்தை நீட்டி, தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அவர்களும் எழுதினார்கள். ஃபைல் சர்வரில் பத்திரமாக இருந்தது, ஆனால் மெஷின் நின்றால் எல்லோரும் ஓய்வு பெற்றுப்போன அண்ணனுக்குத்தான் போன் போட்டோம். பக்கத்தில் ஒரு இளைஞரை ஆறு மாதம் நிறுத்தியிருக்கலாமே என்று இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இதே அறிவை வேறு பக்கமிருந்து அணுகியவர்களும் உண்டு. ஸ்வீடனின் ஸ்காண்டியா காப்பீட்டு நிறுவனம் 1994இல், லெய்ஃப் எட்வின்சன் முன்னின்று, ஆண்டறிக்கையோடு அறிவு மூலதனத்துக்குத் தனி இணைப்பே போட்டது. பேலன்ஸ் ஷீட்டில் வராததை அளக்கும் முயற்சி அது, அதுவும் தேவைதான். ஆனால் அந்த அறிவு ஆளுக்கு ஆள் எப்படிக் கைமாறுகிறது என்று கேட்பவர்களுக்கு நோனாகாவிடம்தான் பதில் இருக்கிறது.

குறைகளும் உண்டு. இரண்டாவது அத்தியாயத்தில் பிளேட்டோ, டெகார்ட் என்று நீளும் தத்துவ வரலாறு அலுக்கிறது, தாண்டிப் போனாலும் நஷ்டமில்லை. உதாரணங்கள் பெரும்பாலும் ஜெயித்த ஜப்பானிய நிறுவனங்கள், தோற்ற முயற்சிகளில் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. செகி மாடலின் நான்கு முறைகளுக்கும் காட்டும் ஆதாரம் போதாது என்று ஆய்வாளர் ஸ்டீபன் கோர்லே 2006இல் விரிவாகவே எழுதினார், அதில் நியாயம் இருக்கிறது. பிஹெச்டிக்கு செகி மாடலை எடுப்பவர்கள் அதையும் படித்துவிட்டு ஆய்வுக்கான கேள்விப் பட்டியலைத் தயாரியுங்கள்.

பயிற்சி, குவாலிட்டி, ஆர் அண்ட் டி பக்கம் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். நடுத்தர மேனேஜர்களைப் பற்றிய ஐந்தாவது அத்தியாயமும் நன்றாக இருக்கிறது. நேரமில்லை என்றால் நோனாகா 1991இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூவில் இதே தலைப்பில் எழுதிய கட்டுரை போதும், ரொட்டிக் கதை அதிலும் சுருக்கமாக இருக்கிறது.